சிப்பாய்க்கு வெள்ளி, கூலிக்கு வெண்கலம்

செமஸ்டர் தேர்வு ஒருவழியாக முடிந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் தொல்லை இல்லாமல் நிம்மதியாக எழுதும் முதல் பதிவு இது. போன பதிவில் சொன்னபடி, இந்த முறை பதக்கங்களைப் பற்றி.

எங்கள் ஊர் குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தை கூடும். ஆடு, மாடு வாங்க கர்நாடகா, ஆந்திராவில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். நான் போவது ஆட்டுக்காக அல்ல. பழைய பித்தளை, செம்பை எடைக்கு வாங்கும் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவருடைய சாக்கு மூட்டையில் காலணா, அரையணா தேடுவதுதான் என் பொழுதுபோக்கு. "காசோ சொம்போ, எனக்கு எல்லாம் கிலோ கணக்குதான் தம்பி" என்பார்.

போன வருடம் பெங்களூருவில் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மேசையில் சோவியத் காலத்துப் பதக்கங்கள் இருந்தன. போரில் சண்டை போட்டதற்கு அல்ல, வேலை செய்ததற்குக் கொடுத்தவை! வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். உஸ்பெகிஸ்தானில் பருத்தி அறுவடை இயந்திரம் ஓட்டிய துர்சுனாய் அகுனோவா என்ற பெண், 'சோஷலிச உழைப்பு வீரர்' பட்டத்தை 1959லும் 1978லும் என இரண்டு முறை பெற்றிருக்கிறார். உழைப்புச் செங்கொடி ஆர்டர் போன்ற விருதுகளின் பின்புறம் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆவணங்களில் தேடினால், வாங்கியவர் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. (ரஷ்யாவில் இவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். அது தனிக் கதை.)

உடனே எனக்கு ஒரு கேள்வி. நம்மூர் உழைப்பாளிக்கு யாராவது பதக்கம் குத்தியிருக்கிறார்களா?

குத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதை கொஞ்சம் கசக்கும்.

1903-04ல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் பிரிட்டிஷ் இந்தியப் படை திபெத்துக்குப் போனது. அதற்காகக் கொடுத்த பதக்கத்தில் ஒரு பக்கம் ஏழாம் எட்வர்ட், மறுபக்கம் லாசாவின் பொட்டாலா அரண்மனை. சிப்பாய்களுக்கு வெள்ளியில். பனிமலையில் மூட்டை சுமந்தவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். அந்த வெண்கலப் பதக்கங்களின் விளிம்பில் பெயரோடு என்ன பொறித்தார்கள் தெரியுமா? 'கூலி' என்று! ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் நம் தமிழ் 'கூலி'யில் இருந்து போனது என்பார்கள். குஜராத்தின் 'கோலி' சமூகப் பெயரில் இருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படி இருந்தாலும், நாம் செய்த வேலைக்குக் கிடைக்கும் பணத்தைக் கூலி என்கிறோம். அவர்கள் ஆளையே கூலி ஆக்கிவிட்டார்கள்.

அடுத்தது முதல் உலகப் போர். இந்தியாவில் இருந்து திரட்டப்பட்ட சுமார் 14 லட்சம் பேரில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கி ஏந்தாதவர்கள். சுமை தூக்கியவர்கள், சாலை போட்டவர்கள், சமைத்தவர்கள், கழிவு அள்ளியவர்கள். வரலாற்றாசிரியர் ராதிகா சிங்கா இவர்களைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதி, 2020ல் வெளியிட்டார். 1917ல் இந்தியத் தொழிலாளர் படை பிரான்சுக்குப் போனது. நாகா, மிசோ மலைகளில் இருந்தும் பீகாரில் இருந்தும் போனவர்கள் அதில் உண்டு. இராக்கில் இருந்த தொழிலாளர், சுமைப் படைகள் தனி.

போர் முடிந்ததும் 1919ல் 'பிரிட்டிஷ் போர்ப் பதக்கம்' அறிவிக்கப்பட்டது. சுமார் 65 லட்சம் வெள்ளியில். சுமார் 1,10,000 மட்டும் வெண்கலத்தில். அந்த வெண்கலம் யாருக்கு? சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளுக்கு. அதே ராஜா, அதே குதிரை வீரன். உலோகம் மட்டும் வேறு.

இங்கேதான் பி.காம். மாணவனுக்கு ஒரு வேடிக்கை. 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது ஏராளமான வெள்ளிப் பதக்கங்கள் உருக்கப்பட்டன. அன்றைக்கு மட்டம் என்று கொடுத்த வெண்கலம் அதைவிட அரிது என்பதால், இன்று பொதுவாக அதற்குத்தான் கூடுதல் விலை. சப்ளை, டிமாண்ட்! ஆனால் அந்த லாபத்தில் சுமந்தவன் வீட்டுக்கு ஒரு பைசா போகவில்லை.

சரி, பழைய உலோகத்துக்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்கலாம். இராக்கில் பஸ்ரா நினைவுச் சின்னம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கட்டியபோது பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களைச் செதுக்கினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சாதாரணச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021ல் வெளியிட்ட அறிக்கையில் இப்படிப்பட்ட பாகுபாடுகளை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சிப்பாய்க்கே இந்த நிலை என்றால் மூட்டை சுமந்தவனுக்கு? கல்லில் இல்லாத அவன் பெயர் அந்த வெண்கல விளிம்பில் இருக்கிறது. எண், பெயர், படைப்பிரிவு என்று ஒரே வரி. சிலருக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வரியாகவே இருக்கலாம். அதை உருக்கினால் ஆள் இரண்டாவது முறை சாகிறான்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தா பெட்டியில் அப்படி எதுவும் கிடைத்தால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து மழுங்கிவிடும். வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்து விளிம்பைப் படியுங்கள். படித்ததை அப்படியே எழுதி வையுங்கள், போட்டோ எடுங்கள். போரில் இறந்தவர் என்றால், போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம்.

சந்தைப் பெரியவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வட்டமாக, ராஜா தலை போட்டு எது வந்தாலும், தராசில் போடும் முன் எனக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை கிடைத்தது இரண்டு அரையணாவும் ஒரு பழைய பூட்டும்தான். அடுத்த வெள்ளிக்கிழமையும் போவேன்.