கறிக்கும் தீக்கும் நடுவுல

பெல்லட் கிரில்ல நெஞ்செலும்பு வாட்டும்போது கொழுப்பு உருகித் தீயில சொட்டினா, தீ குப்புனு எழும்பும், கறி கருகும். அதைத் தடுக்கத்தான் நடுவுல ஒரு இரும்புத் தகடு இருக்கு.

தீயையும் கறியையும் பிரிக்கிற யோசனை நம்மகிட்ட பழசு. கரிகாலன் விருந்துல கம்பியில கோத்துச் சுட்ட கறியைத் தின்னு தின்னு பல்லே மழுங்கிடுச்சுன்னு பொருநராற்றுப்படை பாடுது. அது அரண்மனை, நேரடித் தீ.

சின்ன ஊர் அடுப்பு வேற. தங்கால்ங்கிற பழைய ஊர்தான் இன்னைக்குத் திருத்தங்கல்னு சொல்வாங்க. அந்த ஊர் தங்கால் பொற்கொல்லனார் பாடின புறநானூறு 326-ல, வேட்டுவப் பசங்க பிடிச்ச உடும்போட கொழுப்பைத் தயிர்க் கூழ்ல போட்டு, வீட்டுக்காரி பாணர்களுக்கு விருந்து வைக்கிறா. பானைக்குள்ள கொழுப்பு கருகாது. கூழோட கலந்து எல்லாருக்கும் போய்ச் சேரும்.

மூணாவது வழி உப்புக்கண்டம். உப்பு, மஞ்சள் தடவி, நூல்ல கோத்து வெயில்ல காயவைக்கிறது. மழை குறைஞ்ச இந்தப் பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் வளர உதவின அதே வெயில்தான்.

கருகாம பார்த்துக்கிட்டது ருசிக்காக மட்டும் இல்ல. கறி எப்பவாவது கிடைக்கிற வீட்டுல, கொழுப்பைத் தீக்குக் கொடுத்தா கட்டுப்படியாகாது.