செவிக்காப்பு (பழனி வட்டாரம்)

செவிக்காப்பு என்பது உரத்த ஓசை உட்காதைச் சென்று தாக்கும் முன்பே அதன் வலுவைக் குறைக்கும் சாதனம். காதுத் துளைக்குள் செருகுவது காதடைப்பான்; கடைகளில் இயர் பிளக் என்று கேட்டால் தருவார்கள். காது முழுவதையும் கிண்ணம் போல மூடித் தலைக்கு மேல் வளையத்தால் பிடித்துக்கொள்வது காதுமூடி, அதாவது இயர் மஃப். திண்டுக்கல் மாவட்டம் பழனியிலும் சுற்று வட்டாரத்திலும் மின்கருவிகளோடும் மேளங்களோடும் புழங்குவோர் இவற்றில் எதை, எப்படித் தேர்ந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஓசை வரும் இடங்கள்

பழனியின் ஓசை என்றதும் தைப்பூசமும் பங்குனி உத்திரமும்தான் நினைவுக்கு வரும். பாதயாத்திரைக் கூட்டங்களோடு வரும் பம்பை, உறுமி, தவில், நாதஸ்வரம், கொங்குப் பக்கத்து ஜமாப், இப்போது கேரளத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கும் செண்டை என்று கிரிவீதி பல நாள் அதிரும். ஆனால் ஆண்டு முழுவதும் காதைத் தேய்ப்பது வேறு ஓசை. கிரில் பட்டறையில் இரும்பை அறுக்கும் கிரைண்டர், தச்சர்களின் வட்ட ரம்பமும் இழைப்பு மெஷினும், டைல்ஸ் போடுகிறவர்களின் கட்டிங் மெஷின், தென்னந்தோப்பில் களைவெட்டும் பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் செயின்சா, மக்காச்சோளம் அடிக்கும் இயந்திரம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மாவட்டம் முழுக்க, வேடசந்தூர்ப் பக்கம் சிறப்பாக, பரவியிருக்கும் நூற்பாலைகளையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

கிரைண்டர் சுமார் 95 முதல் 105 டெசிபல் வரை ஓசை எழுப்பும். வட்ட ரம்பமும் செயின்சாவும் 110 வரைகூடப் போகும். மீட்டர் இல்லாமலே அளக்க எளிய வழி ஒன்று உண்டு. மூன்றடி தள்ளி நிற்பவரிடம் குரலை உயர்த்திக் கத்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கே ஓசை ஏறக்குறைய 85 டெசிபலைத் தாண்டிவிட்டது.

கேடு நேரும் விதம்

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள், ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஓசையின் அதிர்வை நரம்புக்கு ஏற்ற சமிக்ஞையாக மாற்றுபவை இவைதான். மனிதருக்கு இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பழுதாவது 4,000 ஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டிய பகுதி. அதனால்தான் தொடக்கத்தில் பேச்சு கேட்கும். பேசியது மட்டும் விளங்காது. ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய உரசல் ஒலிகள் நழுவும். கல்யாண மண்டபத்து இரைச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேச்சு பிடிபடாது. வலி இருக்காது, இரத்தம் வராது. ஆகையால் பல ஆண்டுகள் யாரும் கவனிப்பதில்லை. சிலருக்குக் காதுக்குள் ஓயாத ரீங்காரமும் சேர்ந்துகொள்ளும்.

டெசிபல் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 3 டெசிபல் கூடினால் காதில் விழும் ஆற்றல் இரு மடங்காகும். அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்குப்படி 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். வெறும் காதோடு கிரைண்டர் பிடிப்பவரின் அன்றாடப் பங்கு காலை டீக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது.

சட்டம் எட்டாத இடம்

ஓசையால் வரும் செவித்திறன் இழப்பை, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க தொழில்நோயாகவே சேர்த்தது. தொழிற்சாலைகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது இந்தியாவில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வரம்பு. நியோஷ் சொல்வதைவிட இது 5 டெசிபல் தளர்வு. இதுவே போதாத ஏற்பாடு என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

அதைவிடப் பெரிய குறை, இந்தச் சட்டம் யாரைத் தொடுகிறது என்பதில் இருக்கிறது. மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால்தான் 1948 சட்டத்தில் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020இல் வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. ஓர் ஆசாரியும் ஒரு கையாளும் இருக்கும் தச்சுப் பட்டறை, அண்ணன் தம்பி நடத்தும் வெல்டிங் கடை, சொந்தத் தோப்பில் பிரஷ் கட்டர் ஓட்டும் விவசாயி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மர வேலை பார்க்கும் வங்கி ஊழியர், காவடிக்கு அடிக்கும் மேளக்காரர் ஆகிய யாருடைய காதைப் பற்றியும் விசாரிக்க எந்த ஆய்வாளரும் வருவதில்லை. செவிக்காப்பை இவர்கள் தாமே வாங்கி, தாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அட்டையில் உள்ள எண்

காதடைப்பான் அட்டையில் என்.ஆர்.ஆர். அல்லது எஸ்.என்.ஆர். என்று ஓர் எண் இருக்கும். முன்னது அமெரிக்க முறை, பின்னது ஐரோப்பிய முறை. ஒரே பொருளுக்கு எஸ்.என்.ஆர். பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே வரும். எனவே ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டு வாங்கக் கூடாது. காதுக்காப்புகளுக்கு ஐ.எஸ். 9167 என்ற இந்தியத் தரமும் உண்டு. எந்த எண்ணும் எந்தத் தரமும் அச்சிடாத பொருளைத் தவிர்ப்பது நல்லது.

அந்த எண் ஆய்வுக்கூடத்தில் கச்சிதமாகப் பொருத்திப் பார்த்துக் கிடைத்தது. பட்டறையில் அவ்வளவு கிடைக்காது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை பயன்படுத்தும் ஒரு கணக்கு: என்.ஆர்.ஆர். எண்ணிலிருந்து 7ஐக் கழித்து மீதியைப் பாதியாக்க வேண்டும். 29 என்று போட்டிருந்தால் 22, அதில் பாதி 11. ஆக 100 டெசிபல் கிரைண்டர் காதுக்கு 89 ஆகக் குறைகிறது. நியோஷ் கணக்கில் சுமார் 3 மணி நேரம் தாங்கும். நாள் முழுக்க அறுப்பு வேலை என்றால் அடைப்பானுக்கு மேல் காதுமூடியும் போடலாம். இரண்டையும் சேர்த்தால் எண்களைக் கூட்டக் கூடாது; கூடுதலாகக் கிடைப்பது 5 டெசிபல் அளவுதான். அதுவே 84க்குக் கொண்டுவந்துவிடும்.

இதைவிட முக்கியமானது கழற்றாமல் இருப்பது. 30 டெசிபல் குறைக்கும் அருமையான காதுமூடியைப் போட்டிருப்பவர், 8 மணி நேர வேலையில் போன் பேசவும் பேச்சுக் கொடுக்கவுமாக 48 நிமிடம் அதைக் கழற்றி வைத்தால், அவருக்கு நாள் கணக்கில் கிடைக்கும் காப்பு 10 டெசிபல் மட்டுமே. 15 டெசிபல் குறைக்கும் சாதாரண அடைப்பானை ஓசை நிற்கும் வரை கழற்றாதவர் இவரைவிட நன்றாகத் தப்புகிறார். அளவுக்கு மீறிக் காதை அடைத்தாலும் இதே சிக்கல். கூப்பிடுவதும் வண்டி ஹாரனும் கேட்காமல் போக, மனிதர் எரிச்சலில் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார்.

செருகும் முறை

நுரை அடைப்பான் (ஃபோம் பிளக்) மலிவானது, சரியாகப் போட்டால் மிக வலுவானது. ஆனால் பலர் அதைக் காது வாசலில் ஒட்டி வைத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். முதலில் கை கழுவ வேண்டும். விரல்களுக்கிடையே உருட்டி, மடிப்பு விழாமல் மெல்லிய குச்சி போலாக்க வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலின் மேல் நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த துளை நேராகும். அப்போது உள்ளே செலுத்தி, நுரை விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சரியாகப் பொருந்தினால் சொந்தக் குரலே பானைக்குள் பேசுவது போலக் கேட்கும். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அடைப்பான் துருத்திக்கொண்டு தெரிந்தால் போட்டது சரியில்லை.

காதில் பஞ்சு வைப்பது வெறும் மனத்திருப்தி. ஓசையை அது சொற்பமே தடுக்கும். பாட்டுக் கேட்கும் இயர்போனும் காப்பு அல்ல. கிரைண்டர் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க ஒலியைக் கூட்டுவது இரட்டைக் கேடு. ஓசை நீக்கும் வசதியுள்ள புளூடூத் இயர்போன்களும், செவிக்காப்பு என்று தரச்சான்று பெறாதவரை, ரம்பத்துக்கு முன் நம்பத்தக்கவை அல்ல.

யாருக்கு எது

விட்டு விட்டு அறுக்கும் தச்சருக்கும் வெல்டருக்கும் காதுமூடி வசதி. ஒரு கையால் ஏற்றி இறக்கலாம், கிரீஸ் படிந்த விரலைக் காதுக்குள் விட வேண்டியதில்லை. ஆனால் மூக்குக் கண்ணாடியின் காம்பு, ஜிமிக்கி, தலையில் கட்டிய துண்டு ஆகிய மூன்றும் மூடியின் மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சந்து விட்டுவிடும். சந்து வழியே ஓசை புகும். சித்திரை வெயிலில் வியர்த்து வழிவதும் உண்மைதான். நாள் முழுக்க ஓசைக்குள் நிற்கும் நூற்பாலைத் தொழிலாளருக்குக் கயிறு கோத்த அடைப்பான் ஏற்றது. கழுவித் திரும்பப் போடக்கூடிய சிலிக்கான் அடைப்பான்கள் செலவைக் குறைக்கும்.

காதில் சீழ் வடிபவர்களும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் அடைப்பான் போடக் கூடாது. அவர்களுக்குக் காதுமூடிதான், அதுவும் மருத்துவரைக் கேட்டு. கோழி இறகாலும் ஹேர்பின்னாலும் காது குடையும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் அதை நிறுத்த வேண்டும். தோலில் கீறல் இருந்தால் அடைப்பான் எரிச்சல் தரும். சிறு பிள்ளைகளுக்கு நுரை அடைப்பான் வேண்டாம், விழுங்கிவிடும் அபாயம் உண்டு. தோளில் வைத்துக் காவடி பார்க்கக் கூட்டிப்போகும் குழந்தைக்குச் சிறுவர் அளவுக் காதுமூடி வாங்கலாம். முடியாவிட்டால் மேளத்திலிருந்து தள்ளி நிற்பதே போதும்: திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஓசை சுமார் 6 டெசிபல் குறையும்.

மேளக்காரர்கள்

தவில் வித்துவான்கள் வலக்கை விரல்களுக்குத் துணியும் பசையும் கொண்டு செய்த கூடு மாட்டிக்கொள்வார்கள். விரலுக்கு இருக்கும் இந்த மரபான காப்பு காதுக்கு இல்லை. நுரை அடைப்பானை அவர்கள் மறுப்பதில் நியாயம் உண்டு. அது மேல் சுருதி ஒலிகளை அதிகமாகவும் கீழ் ஒலிகளைக் குறைவாகவும் அமுக்குவதால் தவிலின் நாதம் மழுங்கிப்போகும், நாதஸ்வரத்தோடு இழைவது கடினமாகும். இதற்கென்றே எல்லா அலைவரிசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான்கள் உள்ளன. அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த இ.ஆர்.-15 இவற்றில் முன்னோடி. 15 டெசிபல் குறைக்கும், நாதம் கெடாது. காது அச்செடுத்துச் செய்பவை விலை அதிகம். அதே தத்துவத்தில் பொது அளவில் வரும் அடைப்பான்கள் எளிய விலையில் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. திருவிழாக் காலம் முழுவதும் மேளத்தின் நடுவே நிற்கும் கலைஞருக்கு இது வீண் செலவு அல்ல.

வெடிகள் தனி வகை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. வெடியால் வரும் கேடு ஒரே நொடியில் நேர்ந்துவிடும் என்பதால் அதிர்வேட்டு வைப்பவர் அடைப்பானோடுதான் திரி கொளுத்த வேண்டும்.

பரிசோதனை

ஓசையோடு தொழில் செய்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது. 4,000 ஹெர்ட்ஸில் விழும் பள்ளத்தை, மனிதர் தாமே உணரும் முன்பே அது காட்டிவிடும். வேலை முடிந்து வீடு திரும்பியதும் காது அடைத்தது போலிருந்தாலோ, டிவியின் ஒலியை வழக்கத்தைவிடக் கூட்ட வேண்டியிருந்தாலோ அன்றைய ஓசை அளவு மீறியது என்று பொருள். வெடிச் சத்தத்துக்குப் பிறகோ காரணம் தெரியாமலோ ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், எண்ணெய் ஊற்றிக் காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதற்கான மருந்து முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்கு பலன் தரும்.