கைலாசபுரத்தின் குடிமை வரலாறு

1866-ல் திருச்சிராப்பள்ளியிலும், சில ஆண்டுகளில் ஸ்ரீரங்கத்திலும் நகரசபைகள் ஸ்தாபிக்கப்பட்டு, தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் ஜனங்கள் மனுக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றிய பிரதேசத்திலே, அதே வசதிகளை நகரசபையின் துணையின்றிப் பெற்று வளர்ந்த ஊர் கைலாசபுரம். செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1960-களில் திருவெறும்பூர் அருகே உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தபோது, தொலைதூரங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களுக்காக பாரத மிகுமின் நிறுவனமே வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர், பாதை யாவற்றையும் நிர்மாணித்தது.

குழாய் ஒழுகினாலும் விளக்கு அணைந்தாலும் இங்கே குடியிருப்போர் நாடுவது கவுன்சிலரை அல்ல, ஆலையின் பராமரிப்பு அலுவலகத்தையே. வசதி மிகுந்த ஏற்பாடுதான். ஆயினும், தன் தெருவின் காரியத்தை வாக்களித்துத் தீர்மானிக்கும் உரிமையை வசதி ஈடுசெய்யாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தொழிற்சாலையே நகர சேவைகளை அளிக்கும் இடங்களை ஆளுநர் தொழில் நகரியமாக அறிவித்தால், அங்கே நகராட்சி அமைக்காமலிருக்கலாம் என்று 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் விலக்களித்திருக்கிறது. ஸ்ரீரங்கமும் பொன்மலையும் தத்தம் நகராட்சிகளை இழந்து 1994-ல் திருச்சி மாநகராட்சியோடு இணைந்த பின்னரும், அங்குள்ள குடியிருப்போர் நலச்சங்கங்கள் மழைநீர் வடிகாலுக்காகவும் குப்பை அகற்றலுக்காகவும் வார்டு உறுப்பினரைக் கேள்வி கேட்க முடிகிறது. கைலாசபுரத்தாரோ நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கிறார்கள். பணி ஓய்வு பெற்றதும், வீட்டை ஒப்படைத்துவிட்டுச் சுற்றுப்புற நகர்களில் மனை வாங்கிக் குடியேறியவர்கள், முதன்முறையாகச் சொத்து வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, சாலைக்கும் குடிநீருக்கும் சங்கம் கூட்டுகிறார்கள்.