ஸீட்டு சாஞ்ச காலம்

1987-ல சேகா கம்பெனி 'ஆஃப்டர் பர்னர்'னு ஒரு ஆர்கேட் கேம் விட்டாங்க. யூ சுசூகி உருவாக்கினது. எஃப்-14 மாதிரி ஒரு ஜெட், சரமாரியா ஏவுகணை. விஷயம் அதில்லீங்க. பெரிய மாடல்ல ஸ்டிக்கைச் சாய்ச்சா, நாம உட்கார்ந்திருக்கிற ஸீட்டே சாயும்! 1990-ல வந்த ஆர்-360 மெஷின் ஆளையே தலைகீழா சுத்திடும். (பெல்ட் உண்டு, பயப்படாதீங்க.)

2006-ல சோனி இதை அப்படியே திருப்பிப் போட்டாங்க. பிளேஸ்டேஷன் 3 கண்ட்ரோலரை நாம சாய்க்கணும், திரையில விமானம் சாயும். அந்த வருஷ இ3 கண்காட்சியில இதைக் காட்டின கேம் 'வார்ஹாக்'. பார்க்க ஜோர்தான். ஆனா ஸ்டிக்னா ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும், நடு எங்கேன்னு விரலுக்குத் தெரியும். அந்தரத்துல பிடிச்ச கண்ட்ரோலருக்கு நடு ஏது? போதாக்குறைக்கு அந்த சிக்ஸாக்ஸிஸ்ல அதிர்வும் கிடையாது. உடம்புக்கு ஒண்ணுமே எட்டலைன்னா அது என்ன பறக்குறது? 2007-ல வார்ஹாக் கடைக்கு வந்தப்போ, சாய்ச்சு ஓட்டுறது வேணும்னா போட்டுக்கலாம்ங்கிற ஒரு ஆப்ஷனா ஒதுங்கிடுச்சு.