சார், ஸ்டாண்டு!

மோட்டார் சைக்கிளில் போகிற எல்லோரும் இதை ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்து, கையைக் கீழே காட்டி, "சார், ஸ்டாண்டு!" என்று கத்திவிட்டுப் போய்விடுவார். முன்பின் தெரியாதவர்கூடச் செய்கிற இந்த உதவியை நான் ஒரு நண்பருக்குச் செய்யத் தவறினேன்.

1987. திருச்சியில் வேலை. அலுவலகத்தில் கடன் வாங்கி ஒரு புது வண்டி எடுத்தேன். புல்லட், ராஜ்தூத், யெஸ்டி என்று இருந்த சந்தையில் ஜப்பான் கூட்டில் தயாரான 100 சிசி வண்டிகள் வந்து இறங்கியிருந்த நேரம். என் வண்டியின் பெயர் இங்கே வேண்டாம்.

இரண்டாவது வாரம், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது 'டக்' என்று சத்தம். பார்த்தால் சைடு ஸ்டாண்ட் தானாகவே கீழே இறங்கியிருக்கிறது. அதை மேலே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. நல்லவேளை, நேர் ரோடு. ஸ்டாண்ட் இருப்பது இடது பக்கம். இடது பக்கம் திரும்பினால் வண்டி அந்தப் பக்கம் சாயும். ஸ்டாண்ட் தரையில் ஊன்றி வண்டியையே நெம்பிவிடும். நம் ஊரில் யாரும் வேகத்தைக் குறைக்காத திருப்பமும் அதுதான்.

ஷோரூம் மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் வேறு ஸ்பிரிங் மாட்டினார். "இந்த லாட்ல நாலஞ்சு வண்டி இப்படித்தான் சார் வந்திருக்கு" என்றார், சர்வ சாதாரணமாக. மற்றவர்களுக்குச் சொல்லியாயிற்றா என்று நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்து அதே மாடலை எடுத்திருந்த அலுவலக நண்பரிடம் சொல்லவும் தோன்றவில்லை.

ஒரு மாதத்தில் புத்தூர் நால்ரோட்டில் இடது பக்கம் திரும்பும்போது அவர் விழுந்தார். முழங்கால் சில்லு உடைந்தது. ஸ்டாண்டை எடுக்க மறந்துவிட்டார் என்றே எல்லோரும் சொன்னோம். "எடுத்தேனே" என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு அவரும் விட்டுவிட்டார். அவர் வண்டியின் ஸ்பிரிங்கை யாரும் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965இல் கார்களின் குறைகளைப் பற்றி எழுதிய புத்தகம் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. மறு வருடமே சட்டம் வந்தது: பாதுகாப்புக் குறை தெரியவந்தால் கம்பெனி வண்டிக்காரருக்குத் தெரிவித்தாக வேண்டும். இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்பது 1974இல்தான் சேர்ந்தது. அதே வருடம் அங்கே ஸ்டாண்டுக்கும் ஒரு விதி அமலுக்கு வந்தது. வண்டி முன்னால் போகையில் ஸ்டாண்ட் தரையில் பட்டால் பின்பக்கமாக மடங்கி மேலே போய்விட வேண்டும். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்!

இங்கே 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது புகார் கொடுப்பவருக்கான வழி. குறை தெரிந்த கம்பெனி மற்றவர்களைத் தேடிப் போய்ச் சொல்லும் ஏற்பாடு இல்லை. 2012 ஜூலையில்தான் வாகனத் தயாரிப்பாளர் சங்கம் தாமாக முன்வந்து ஒரு நடைமுறை வகுத்தது. திரும்பப் பெறும்படி அரசே உத்தரவிடும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்து, 2021 ஏப்ரலில் அமலானது. என் வண்டிக்கு 34 வருடம் கழித்து!

அந்த மே மாதம் ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயில் குறைக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்த செய்தியைப் பேப்பரில் படித்தேன். குறை எல்லா வண்டியிலும் இருந்ததல்ல. இருந்தாலும் இருக்கலாம் என்பதற்கே அத்தனை பேரையும் கூப்பிட்டார்கள்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு நண்பருக்குப் போன் போட்டேன். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப நான் ஸ்டாண்டை எடுத்துட்டுத்தான் சார் கிளம்பியிருக்கேன்" என்றார்.