கருவும் கூர்ப்பும்

19ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் தோன்றியது பஹாய் சமயம். விஞ்ஞானத்துக்கு முரணான சமயம் மூடநம்பிக்கையே என்று போதித்தவர் அதன் தலைவர் அப்துல் பஹா. ஒட்டோமன் அரசின் கைதியாயிருந்து 1908இல் விடுதலை பெற்ற அவர், 1912இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையிலே விஞ்ஞானத்தைப் போற்றி உரை நிகழ்த்தினார். அதே நாட்டில், கூர்ப்பைக் கற்பித்தாரென ஆசிரியர் ஸ்கோப்ஸுக்கு 1925இல் 100 டொலர் தண்டம் விதிக்கப்பட்டதை எண்ணினால் அவ்வுரையின் அருமை புலனாகும்.

எனினும் மனிதனின் தோற்றத்தில் அவர் டார்வினோடு உடன்படவில்லை. கரு பல வடிவம் எடுப்பினும் தொடக்கமுதலே மனிதக் கரு. மனித இனமும் அத்தகையதே என்றார். ஆனால் கருவின் முடிவு வித்திலேயே அடங்கியது. இயற்கைத் தேர்வுக்கோ முன்குறித்த இலக்கில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை உண்டென்பதை இன்று மரபணுக்களே உரைக்கின்றன.

வாசலைத் திறந்தவரைப் போற்றுவோம். ஆயினும், விஞ்ஞானம் நமக்கு உவப்பில்லாததைச் சொல்லும்போதும் செவிசாய்ப்பதே மெய்யான இணக்கம். வகுப்பறையில் நிற்கும் நாம் இதை மறக்கலாகாது.