கடிவாள இரும்பும் குதிரைவீரரின் கையும்: செனபோன் முதல் போஷே வரை

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லற்ற ஈறுப்பகுதி ஒன்று உள்ளது. கடிவாளத்தின் இரும்பு தங்குவது அங்கேதான். ஐரோப்பாவில் முழுமையாகக் கிடைக்கும் குதிரையேற்ற நூல்களுள் மிகப் பழமையானது, கிரேக்க அறிஞர் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் இயற்றியதாகும். இது மென்மையான பயிற்சியின் மூலநூலாகப் பரவலாகப் போற்றப்படுகிறது. ஆயினும், முட்கள் பொருத்திய கடிவாளம் ஒன்றையும் இந்நூலே பரிந்துரைக்கிறது. போற்றுவோர் பெரும்பாலும் இப்பகுதியில் நிற்பதில்லை. இவ்விரு கூறுகளும் ஒரே நூலில் எங்ஙனம் பொருந்துகின்றன என்பது ஆராயத்தக்கது.

குதிரைவீரரிடம் குறைந்தது இரண்டு கடிவாளங்கள் இருத்தல் வேண்டும் என்கிறார் செனபோன். ஒன்று வழவழப்பானது, அளவிற் பெரிய வட்டத் தகடுகளை உடையது. மற்றொன்று கனமான சிறு தகடுகளும் கூரிய முட்களும் கொண்டது. முள் இரும்பைப் பல்லால் பற்றும் குதிரை, அதன் உறுத்தலால் உடனே விட்டுவிடும். பின்னர் வழவழப்பான இரும்பிற்கு மாற்றப்படும்போது, முன்பு கற்றதை இதிலும் செய்யும். மென்மையைப் பொருட்படுத்தாது மீண்டும் இரும்பின்மேல் சாயுமாயின், பெரிய தகடுகளைப் பொருத்தி வாயைத் திறக்கச் செய்து, இரும்பை விடச் செய்யவேண்டும் என்பது அவர் கூறும் வழி.

இங்கு முள்ளின் பணி குதிரையை நிறுத்துவதன்று. இரும்பை இறுகக் கவ்வும் பழக்கத்தைத் தடுப்பதே. எந்தக் கடிவாளமாயினும் அதன் இணைப்புகள் எளிதில் வளையவேண்டும் என அவர் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம். விறைப்பான இரும்பை ஓரிடத்தில் பற்றினால் முழுவதும் பிடிபட்டுவிடும். நெகிழும் இரும்போ ஒரு பகுதியைப் பற்றும்போதே மறுபகுதி நழுவும். நடுவில் தொங்கவிடப்படும் சிறு வளையங்களை நாவாலும் பல்லாலும் தேடிக்கொண்டிருக்கும் குதிரை, தாடையை இறுக்க மறந்துவிடும்.

கிரேக்க வீரருக்கு அங்கவடி இல்லை. மரச்சட்டமுடைய சேணமும் இல்லை. வலக்கையில் ஈட்டி ஏந்தியவர் இடக்கையால் வாரைப் பிடித்தார். கட்டுமீறி ஓடும் குதிரை அவருயிரைப் பறித்துவிடக்கூடும். முள்ளின் கடுமையை இச்சூழலில் வைத்தே நோக்கவேண்டும். அதனால் விலங்கு பட்ட வலி இல்லையென்றாகிவிடாது.

செனபோனின் சிறப்பு, வலியைக் கையாண்டதில் அன்று, அது எப்போது நீங்கவேண்டும் என்பதைத் தெளிவுறச் சொன்னதில் அமைகிறது. வாரை இழுப்பது, குதிரை தலையை உதறும் அளவிற்குக் கடுமையாகவும் இருத்தலாகாது. உணராத அளவிற்கு மென்மையாகவும் இருத்தலாகாது. அது கழுத்தை உயர்த்தியவுடன் வாரைத் தளர்த்தவேண்டும். சவாரிக்கு மட்டுமன்றித் தீவனத்திற்கு அழைத்துச் செல்லும்போதும், சவாரி முடிந்து வீடு திரும்பும்போதும் கடிவாளம் பூட்டினால், நீட்டப்படும் இரும்பைக் குதிரை தானே வந்து பற்றினாலும் வியப்பில்லை என்கிறார். நூலின் மிகக் கூர்மையான உளவியல் நோக்கு இதுவே எனலாம்.

16ஆம் நூற்றாண்டில் செனபோனின் கிரேக்க மூலம் அச்சேறியது. எனினும் 1550இல் வெளிவந்த நேப்பிள்ஸ் நகர ஃபெதெரிகோ கிரிசோனேயின் நூலில் இரும்பின் பக்கமே கவனம் சாய்ந்தது. பல்வகைக் கடிவாளங்களின் படங்கள் அதில் இடம்பெற்றன. வாருக்கும் வாய்க்கும் இடையே நெடிய நெம்புகோல் கொண்ட அவ்வகைக் கடிவாளங்களில், கையின் சிறு அசைவும் தாடையில் பன்மடங்காகப் பெருகும். முரண்டுபிடிக்கும் குதிரைக்கு அவர் கூறும் தண்டனைகள் கொடியவை.

பாரிசில் பயிற்சிக்கூடம் நடத்திய லா கெரினியேர் 1733இல் வெளியிட்ட நூலில், இரும்பினின்றும் கவனம் கைக்கு மாறுகிறது. வாயோடு தொடர்பையே உணராத இலேசான கை, சிறிதளவு உணரும் மென்மையான கை, முழுமையாகத் தாங்கும் உறுதியான கை எனக் கையின் நிலைகளை அவர் மூன்றாகப் பகுக்கிறார். உறுதியான நிலையிலிருந்து இலேசான நிலைக்குத் திடீரெனத் தாவினால் குதிரை தாங்குதலை இழந்து முன்பாரமாகும். இலேசான நிலையிலிருந்து உறுதிக்குத் தாவினால் வாய் கெடும். ஆகவே இடைப்பட்ட மென்மையின் வழியாகவே இரு திசையிலும் செல்லவேண்டும். வார்த்தொடர்பு என்பதை நிலையான இழுவிசையாகக் கொள்ளாது, கூடிக்குறையும் உரையாடலாகக் கண்டவர் அவர். குதிரை சமநிலை எய்தியதும் கையைத் தாழ்த்தி விடுவித்தலை மிக நுண்ணிய துணைகளுள் ஒன்றாகவும் கருதினார். செனபோனின் தளர்த்துதல் இங்கு ஒரு முறைமையாக வளர்ச்சி பெற்றுள்ளது.

பிரான்சுவா போஷே 1842இல் முன்வைத்த முறை இன்னுமொரு படி சென்றது. ஏறுவதற்கு முன்னரே, தரையில் குதிரையின் தலையருகே நின்று தாடையையும் கழுத்தையும் நெகிழச் செய்யும் பயிற்சிகளை அவர் வகுத்தார். எதிர்ப்பு தாடையில் கரைந்தால் உடலெங்கும் கரையும் என்பது அவர் கொள்கை. பிரெஞ்சுப் படை அம்முறையைச் சோதித்துப் பார்த்து, இறுதியில் ஏற்க மறுத்தது. தொடக்கத்தில் கையையும் காலையும் ஒருங்கே அழுத்திக் குதிரையை இரண்டிற்குமிடையே அடைத்த போஷே, முதுமையில் அதனைக் கைவிட்டார். கை செயற்படும்போது கால் ஓய்ந்திருக்கவும், கால் செயற்படும்போது கை ஓய்ந்திருக்கவும் வேண்டும் என்பதே அவரது பிற்கால விதியாயிற்று.